பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

உங்க வீட்ல பழைய காசு ஏதாவது இருக்கா? தேடிப் பாருங்க, இருக்கும். பாட்டியோட சுருக்குப் பையில, சாமி ரூம்ல மஞ்சள் துணியில முடிஞ்சு வச்ச முடிச்சுல, பீரோ லாக்கர் மூலையில ஒரு ஓட்டைக் காலணாவோ, ஒரு ஜார்ஜ் மன்னர் ரூபாயோ, பேர் தெரியாத ஒரு செப்புக் காசோ கிடைக்கும். கையில எடுத்ததும் பெரும்பாலானவங்களுக்குத் தோணுற முதல் யோசனை ஒண்ணுதான்: "இதைக் கொஞ்சம் தேய்ச்சுப் பார்ப்போமே!"

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் இதுக்கு மூணு வழி வச்சிருக்காங்க. செம்பு, பித்தளைன்னா புளி. வெள்ளின்னா திருநீறு. ரெண்டுக்கும் மசியலைன்னா டூத்பேஸ்ட். யூடியூப் வந்த பிறகு நாலாவதா அலுமினியம் ஃபாயிலும் சோடா உப்பும் சேர்ந்துடுச்சு. கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி குத்துவிளக்கைத் தேய்க்க இதெல்லாம் நல்ல முறைகள்தான். அதையே காசுக்கும் பண்ணலாமா?

சுருக்கமான பதில்: பண்ணாதீங்க. நீளமான பதில் இன்னும் சுவாரசியமானது. ஏன்னா சில காசுகளைச் சுத்தம் பண்ணித்தான் ஆகணும், பண்ணலைன்னா காசே போயிடும். எது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரில கரோஷன் யூனிட்டை எக்ஸாமுக்கு மட்டும் படிச்சுட்டு மறந்தவங்களுக்கு, அது நிஜமாவே உதவுற இடம் இது.

அழுக்கு வேற, களிம்பு வேற

திருவண்ணாமலைக்காரங்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்றது சுலபம். சைவ சித்தாந்தத்துல ஆணவ மலத்துக்கு ஒரு பிரபலமான உவமை உண்டு: செம்பில் களிம்பு மாதிரி. களிம்பு எங்கேயோ வெளியில இருந்து வந்து ஒட்டிக்கிட்டது இல்ல, செம்போடவே இருக்கிறதுங்கறது அந்த உவமையோட சாரம். தத்துவத்தை அவங்ககிட்ட விட்டுடுவோம். ஆனா மெட்டலர்ஜி கண்ணோட பார்த்தாலும் இந்த உவமை கிட்டத்தட்ட சரியா வருது.

ஒரு செப்புக் காசு காத்துல இருக்கும்போது அதோட மேல்பரப்புல இருக்கற செம்பு ஆக்சிஜனோட சேர்ந்து சிவப்புக் கலந்த ஒரு ஆக்சைடு படலமா மாறுது. காலம் போகப் போக அது பழுப்பாகும், கருப்பாகும். மண்ணுக்குள்ள கிடந்தா கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் சேர்ந்து பச்சை நிற கார்பனேட் உண்டாகும். கவனிங்க, இந்தப் படலத்துல இருக்கற செம்பு எங்கேயிருந்து வந்தது? காசுல இருந்துதான். காசோட தோலே இன்னொரு பொருளா மாறி நிக்குது. காசு சேகரிக்கிறவங்க இதை பேட்டினான்னு சொல்லுவாங்க.

பல நூறு வருஷம் மண்ணுல கிடந்த காசுல இதுக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கு. அச்சடிச்ச அன்னைக்கு இருந்த மேல்பரப்பு, அதாவது எழுத்தும் உருவமும் இருந்த அந்த மட்டம், இப்ப உலோகத்துல இருக்காது. அந்தக் களிம்புப் படலத்துக்குள்ளதான் இருக்கும். அடியில மிச்சமிருக்கற உலோகம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கும். இப்ப புளியில ஊற வச்சா என்ன ஆகும்? புளியில இருக்கற டார்டாரிக் ஆசிட் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைச்சு எடுத்துடும். கூடவே எழுத்தும் போயிடும். கையில மிஞ்சுறது ரோஸ் கலர்ல பளபளன்னு ஒரு குழி விழுந்த தகடு. அந்தப் பளபளப்பும் நிக்காது. படலம் போன பச்சை உலோகம் வேகமா ரியாக்ட் ஆகி, சில வாரத்துல திட்டுத் திட்டா மறுபடி கறுக்க ஆரம்பிக்கும்.

அதனால காசைக் கையில எடுத்ததும் "எப்படிச் சுத்தம் பண்றது"ன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி கேட்கணும். நான் எடுக்கப் போறது காசு மேல ஒட்டியிருக்கறதா, இல்ல காசாவே இருந்து மாறினதா? எண்ணெய், கை அழுக்கு, குங்குமம், மண், பிளாஸ்டிக் கவர்ல இருந்து ஒட்டின பிசுக்கு, இதெல்லாம் முதல் வகை. களிம்பு, கறுப்பு, பழுப்பு, இதெல்லாம் ரெண்டாவது வகை. முதல் வகையைக் கவனமா எடுக்கலாம். ரெண்டாவதைத் தொட்டா எடுக்கறது காசைத்தான்.

தேய்க்கும்போது என்ன நடக்குது?

ஆசிட் இல்லாம வெறும் துணியால தேய்ச்சா? அதுலயும் சிக்கல் இருக்கு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்குங்க. காரீயம் 1.5. நம்ம விரல் நகம் சுமார் 2.5. வெள்ளி 2.5ல இருந்து 3. செம்பு 3. மணல்ல இருக்கற குவார்ட்ஸ் 7. பெரிய நம்பர் சின்ன நம்பரைக் கீறும், அவ்ளோதான் விதி.

இப்ப யோசிங்க. மண்ணுல இருந்து எடுத்த காசு மேல இருக்கற தூசியில கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் துகள் கண்டிப்பா இருக்கும். எவ்ளோ மெத்துனு இருக்கற பருத்தித் துணியால துடைச்சாலும், காசைத் தேய்க்கறது அந்தத் துகள்தான். துணி அதைத் தள்ளிக்கிட்டுப் போற வண்டி மட்டுமே. டூத்பேஸ்ட்ல சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ இருக்கும், பல்லைத் தேய்க்கறதுக்குன்னே சேர்க்கற பொருள். திருநீறு மெல்லிய சாம்பல், அதுவும் ஒரு உரசல் பொருள்தான். பித்தளை பாலிஷ் பவுடர்களைப் பத்திச் சொல்லவே வேணாம்.

விளைவு, லென்ஸ் வச்சுப் பார்த்தா ஒரே திசையில ஓடுற நூத்துக்கணக்கான மெல்லிய கீறல்கள். வெறும் கண்ணுக்குக் காசு பளபளப்பாத் தெரியும். பழகினவங்க லைட்டுக்கு அடியில ஒரு சாய்ப்பு சாய்ச்சாப் போதும், மாட்டிக்கும். ஒரு தடவை விழுந்த கீறலை அழிக்க வழியே இல்ல.

வெள்ளி ரூபாயோட கதை

வெள்ளியைக் கறுக்க வைக்கறது ஆக்சிஜன் இல்ல, கந்தகம். காத்துல இருக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு, ரப்பர் பேண்ட், சில வகைப் பேப்பர், முட்டை, எல்லாத்துல இருந்தும் கந்தகம் வரும். வெள்ளி சல்ஃபைடு படலம் ரொம்ப மெல்லிசா இருக்கும்போது மஞ்சள், ஊதா, நீலம்னு கலர் காட்டும். மழை நாள்ல ரோட்டுல பெட்ரோல் சிந்தினா வானவில் தெரியுமே, அதே தின் ஃபிலிம் இன்டர்ஃபியரன்ஸ்தான் இங்கயும். படலம் கெட்டியானா கருப்பு. இயற்கையா மெதுவா வந்த இந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கற சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க இருக்காங்க.

புழக்கத்துக்கே வராத புதுக் காசுல இன்னொரு அழகு இருக்கும். அச்சு வந்து டன் கணக்கான விசையோட மோதும்போது உலோகம் நடுவுல இருந்து ஓரத்தைப் பார்த்து நகரும். அப்ப மேல்பரப்புல மிக நுண்ணிய ஓட்ட வரிகள் பதியும். காசைச் சாய்ச்சுத் திருப்பினா வண்டிச் சக்கரத்தோட ஆரம் சுத்துற மாதிரி வெளிச்சம் ஓடறது இதனாலதான். அந்த வரிகள் போச்சுன்னா அந்த ஒளியும் போச்சு. கடையில விக்கற டிப் திரவத்துல முக்கினா, சல்ஃபைடோட சேர்ந்து கொஞ்சம் வெள்ளியும், அந்த வரிகளும் கரையும். அலுமினியம் ஃபாயில் முறை கெமிஸ்ட்ரியில அழகானது, சல்ஃபைடை மறுபடி வெள்ளியாவே ஆக்குது. ஆனா திரும்பி வர்ற வெள்ளி பழைய இடத்துல பழைய ஒழுங்குல போய் உக்காராது. மேல்பரப்பு உயிரில்லாம மங்கலா நிக்கும்.

இன்னொரு விஷயம், "வெள்ளி ரூபாய்"னு சொல்றதெல்லாம் ஒரே வெள்ளி இல்ல. ஆறாம் ஜார்ஜ் காலத்துல 1939 வரைக்கும் அச்சான ரூபாய்ல சுமார் 91.7 சதவீதம் வெள்ளி. இரண்டாம் உலகப் போர் நேரத்துல, 1940ல இருந்து, அதை 50 சதவீதமாக் குறைச்சுட்டாங்க. மிச்சத்துல 40 சதவீதம் செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். 1947 தேதி போட்ட ரூபாய் நிக்கல், காந்தத்துல ஒட்டும். அதே எடை, அதே முகம், ஆனா உள்ள வேற வேற உலோகம். 1939 காசுக்குன்னு யாரோ சொன்ன முறையை 1944 காசுக்குப் பண்ணா, ஆசிட் போய் அதுல இருக்கற செம்பைத்தான் முதல்ல தாக்கும். நேரு காலத்துக்குப் பிறகு வந்த அலுமினிய அஞ்சு பைசா, பத்து பைசா கதை இன்னும் மோசம். அலுமினியம் ஆசிட்லயும் கரையும், காரத்துலயும் கரையும். துணி சோடாவுல போட்டீங்கன்னா நுரைச்சுக்கிட்டுப் போகும்.

விலைக்கு என்ன ஆகும்?

"எனக்கு இந்த அழகியல் எல்லாம் வேணாம், வித்தா எவ்ளோ வரும்"னு கேட்கறவங்களுக்கும் பதில் இதேதான். அமெரிக்காவுல இருக்கற பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி கிரேடிங் நிறுவனங்கள் காசை 70 புள்ளி அளவுகோல்ல மதிப்பிட்டு பிளாஸ்டிக் பெட்டியில சீல் பண்ணித் தருவாங்க. முறையில்லாமச் சுத்தம் பண்ண காசுன்னா நம்பர் கிரேடு தராம, "க்ளீன்டு"ன்னு லேபிள்லயே அச்சடிச்சுடுவாங்க. அந்த ஒரு வார்த்தை விலையைக் கீழ இறக்கிடும். இந்திய ஏலங்கள்லயும் அனுபவமுள்ள வாங்குறவங்க முதல்ல பார்க்கறது இதைத்தான்.

இதுக்கு ஒரு காரணம் நம்பகத்தன்மை. இயற்கையான பேட்டினா வர வருஷங்கள் ஆகும். அதை அப்படியே போலி பண்றது கஷ்டம். பேட்டினாவைச் சுரண்டி எடுத்துட்டா, உங்க நிஜமான ராஜராஜன் காசும் போன மாசம் வார்த்த டூப்ளிகேட்டும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். உங்க காசு பழசுங்கறதுக்கு இருந்த சாட்சியை நீங்களே அழிச்சுட்டு, அப்புறம் பழசுன்னு சத்தியம் பண்ண வேண்டியிருக்கும்.

நம்ம மாவட்டத்து ஈயக் காசு

விலையை விடப் பெரிய இழப்பு ஒண்ணு இருக்கு. அதுக்கு உதாரணம் தேடி ரோமுக்குப் போக வேணாம், செங்கம் வரைக்கும் போனாப் போதும்.

செங்கம் வட்டத்துல ஆண்டிப்பட்டின்னு ஒரு ஊர். தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி இல்ல, இது நம்ம பக்கம். அப்ப இது வட ஆற்காடு மாவட்டத்துல இருந்தது, திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989லதான். அங்க நூத்துக்கும் மேற்பட்ட ஈயக் காசுகள் ஒரு புதையலாக் கிடைச்சது. தமிழகத் தொல்லியல் துறையோட இயக்குநரா இருந்த இரா. நாகசாமி அதை ஆராய்ஞ்சு வெளியிட்டார். காசுல தமிழ் பிராமி எழுத்துல ஒரு பேர் இருந்தது: அதினன் எதிரான் சேந்தன். பின்பக்கம் மலைக் குறியீடு. பத்துப்பாட்டுல ஒண்ணான மலைபடுகடாம் பாடுற நன்னனோட ஊர் இதே செங்கம்தான், அப்ப அதுக்குப் பேர் செங்கண்மா. அதே மண்ணுல சேந்தன்னு ஒருத்தர் தன் பேரைப் பொறிச்சுக் காசு போட்டிருக்கார்னு நமக்குச் சொன்னது அந்த ஈயத் துண்டுகள்தான்.

கீழ்பென்னாத்தூருக்குத் தெற்கே திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரையில சங்க கால மலையமான்கள் ஆண்ட ஊர். குதிரை உருவமும், பின்பக்கம் ஆறும் மலையுமா இருக்கற சின்னச் சின்ன செப்புக் காசுகளை மலையமான் காசுன்னு ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்காங்க. அதாவது நம்ம ஊர் ரெண்டு சங்க காலக் காசு மரபுகளுக்கு நடுவுல இருக்கு. ஏர் ஓட்டும்போதோ, கிணறு தூர் வாரும்போதோ, ஏரி மண் அடிக்கும்போதோ இங்க ஒரு காசு கிடைச்சா, அது வெறும் "பழைய சல்லிக் காசு"ன்னு நினைச்சுடக் கூடாது.

இப்ப அந்த ஈயக் காசைப் புளியோ வினிகரோ போட்டுத் தேய்ச்சிருந்தா? முதல்ல, ஈயம்னா ரசம் வைக்கற ஈயச்சொம்பை நினைச்சுக்காதீங்க. அது வெள்ளீயம். காசுல இருக்கறது காரீயம். மேல சொன்ன அளவுகோல்ல அது நகத்தை விட மெத்து. விரல் நகத்தாலயே கீறலாம். அதுல எழுத்து எவ்ளோ உயரம் நிக்கும்? ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஸ்க்ரப்பர் போட்டு ஒரு தடவை இழுத்தா சேந்தன் போயிடுவார். வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிட் காரீயத்துக்கு நேரடி எதிரி. அந்தக் காலத்துல வெள்ளை பெயிண்டுக்கான நிறமியை ஈயத் தகட்டை வினிகர் ஆவியில வச்சுத்தான் உண்டாக்கினாங்க. தகடு அப்படியே வெள்ளைப் பொடியா மாறும். சில வகை மரப்பெட்டியில இருந்து வர்ற அமில ஆவியே மூடின பெட்டிக்குள்ள ஈயக் காசைப் பொடியாக்கப் போதும். அதனால ஈயக் காசைச் சந்தனப் பெட்டியில வச்சு மரியாதை பண்றேன்னு கிளம்பிடாதீங்க. தொட்டா கையைக் கழுவுங்க, காரீயம் விஷம்.

ராஜராஜன் செப்புக் காசு நிறையக் கிடைக்குது. ஒண்ணு அழிஞ்சாலும் வரலாறு தெரியும், நூத்துக்கணக்கான கல்வெட்டு இருக்கு. சேந்தன் மாதிரி ஆளுக்கு அந்த வசதி இல்ல. இன்னும் படிக்கப்படாத ஒரு பேர் ஏதோ ஒரு வீட்டு சுருக்குப் பையில இருக்கலாம். அதைப் புளி போட்டுத் தேய்ச்சா, ஒரு மனுஷன் இருந்ததுக்கான தடயத்தையே சிங்க்ல கழுவி விட்ட மாதிரி.

அப்போ ஆராய்ச்சியாளர்கள் மட்டும் சுத்தம் பண்றாங்களே?

நியாயமான கேள்வி. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980கள்ல ஒரு சதுரச் செப்புக் காசுல "பெருவழுதி"ங்கற பேரைப் படிச்சார். குதிரை உருவத்துக்கு மேல தமிழ் பிராமி எழுத்து, பின்பக்கம் பாண்டியரோட மீன் குறியீடு. சங்க காலப் பாண்டியர்கள் பேர் பொறிச்சுக் காசு வெளியிட்டாங்கங்கறதுக்கு அது நேரடிச் சாட்சி. ஆத்து மணல்லயும் மண்ணுலயும் கிடைக்கற இந்த மாதிரிக் காசுகள் மேல கெட்டியான படிவம் இருக்கும். அதைக் கொஞ்சமும் நீக்காம எழுத்தைப் படிக்கவே முடியாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930லயே தொடங்கியாச்சு. அவங்க வேலையில ஒரு பகுதியே இதுதான்.

அப்போ வித்தியாசம் எங்க இருக்கு? அவங்க முதல்ல உலோகம் என்னன்னு கண்டுபிடிப்பாங்க. தொடறதுக்கு முன்னாடி போட்டோ, எடை, அளவு எல்லாம் பதிவு பண்ணுவாங்க. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்க. முக்கியமா, எங்க நிறுத்தணும்னு தெரியும்: எழுத்து தெரிஞ்சதும் நிறுத்திடுவாங்க, பளபளப்பு வர்ற வரைக்கும் போக மாட்டாங்க. அப்புறம் காசு மறுபடி அரிக்காம இருக்க வழி பண்ணுவாங்க. படிக்கறதுக்காக எடுக்கறது வேற, அழகுக்காக எடுக்கறது வேற.

எது "குறை", எது "தகவல்"னு நம்ம கண்ணுக்கு உடனே தெரியாதுங்கறதும் ஒரு காரணம். 1898ல புதுக்கோட்டைப் பகுதியில 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைச்சது. பெரும்பாலான காசுகள்ல பேரரசர் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. அந்த வெட்டு ஏன்னு ஆய்வாளர்கள் இன்னைக்கும் விவாதிக்கறாங்க. புழக்கத்துல இருந்து நீக்கறதுக்கான அடையாளமா, தங்கம் உள்ள வரைக்கும் இருக்கான்னு சோதிச்சதா? அந்தக் காசுகளை ஒரு ஆசாரிகிட்டக் கொடுத்து வெட்டை நிரவி மெருகு போட்டிருந்தா, கேள்வியே எழும்பியிருக்காது. அதே மாதிரி காசு மேல ஒட்டியிருக்கற துணித் தடம், பானைத் துண்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டின வரிசை, எல்லாமே ஒருத்தருக்குத் தகவல்.

இந்தப் பச்சையை மட்டும் விடாதீங்க

இவ்ளோ சொன்னதுக்கு அப்புறம் ஒரு விதிவிலக்கு. செப்பு, வெண்கலக் காசுல வர்ற பச்சை ரெண்டு வகை. ஒண்ணு கரும்பச்சை, கெட்டியா வழவழன்னு, காசோட ஒட்டி இருக்கும். அது நல்ல களிம்பு, காசைப் பாதுகாக்குது. இன்னொண்ணு வெளிர் பச்சை, புள்ளி புள்ளியா, பல்குச்சி நுனியால லேசாத் தொட்டா மாவு மாதிரி உதிரும். இதை வெண்கல நோய்னு சொல்லுவாங்க.

உப்பு மண்ணுல கிடந்த காசுக்குள்ள குளோரைடு புகுந்து, செம்போட சேர்ந்து செப்பு குளோரைடா உள்ள ஒளிஞ்சிருக்கும். காத்துல இருக்கற ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது பச்சைப் பொடியா மாறும், கூடவே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உண்டாகும். அந்த ஆசிட் புதுச் செம்பைத் தாக்கி மறுபடி குளோரைடு உண்டாக்கும். அது மறுபடி ஆசிட் உண்டாக்கும். உலோகம் தீர்ற வரைக்கும் இந்தச் சுத்து நிக்காது. நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரம் இதுக்குத் தீனி.

வீட்ல செய்ய வேண்டியது இவ்ளோதான்: அந்தக் காசைத் தனியாப் பிரிங்க. காத்துப் புகாத டப்பாவுல, புது ஷூ பெட்டியில வருமே அந்த சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு போட்டு மூடி வைங்க. டப்பாவுக்குள்ள ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நோய் தூங்கிடும். குணமாக்கறது ஆய்வகத்து வேலை. அங்க சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசல்ல வாரக்கணக்கா ஊற வச்சு குளோரைடை வெளியேத்துவாங்க, பென்சோட்ரையசோல் மாதிரி பொருளால மேல்பரப்பை அடைப்பாங்க. பின்னது உடம்புக்குக் கெடுதல், ஹாஸ்டல் ரூம்ல முயற்சி பண்ண வேணாம்.

சரி, நான் என்னதான் பண்றது?

1. முதல்ல போட்டோ. ரெண்டு பக்கமும், சாய்வான வெளிச்சத்துல எடுங்க. பல நேரம் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சாலே, எதையும் தேய்க்காம எழுத்து தெரிஞ்சுடும். நகைக்கடைத் தராசுல எடையும் பார்த்துக் குறிச்சுக்குங்க.

2. ஓரத்தைப் பிடிங்க, முகத்தைத் தொடாதீங்க. வியர்வையில உப்பு இருக்கு, உப்புல குளோரைடு இருக்கு. புதுக் காசு மேல பதிஞ்ச கைரேகை சில மாசத்துல உலோகத்துலயே நிரந்தரமா ஏறிடும்.

3. மண் ஒட்டின, கெட்டியான வெள்ளி, தங்கக் காசுன்னா டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வைங்க. பேட்டரி கடையில கிடைக்கற தண்ணி போதும். நம்ம போர் தண்ணி வேணாம், அதுல இருக்கற உப்பே தனிப் பிரச்சனை. தண்ணியை மாத்தி மாத்தி ஊற வச்சா மண் தானா இளகி விழும். தேய்க்காதீங்க. எடுத்து டிஷ்யூ மேல வச்சு ஒத்தி எடுங்க. வெளிர் பச்சைப் பொடி இருக்கற காசையும், ஈயக் காசையும், எழுத்து இருக்குமோன்னு சந்தேகப்படற காசையும் தண்ணியிலயே போடாதீங்க.

4. எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக் ஆல்பத்துல இருந்து வந்த பச்சைப் பசை இருந்தா சுத்தமான அசிட்டோன். அது உலோகத்தைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேற, அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்துல அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

5. வைக்கறது எதுல? மெத்துனு இருக்கற பிவிசி கவர் வேணாம், அது நாளடைவுல ஆசிட் கக்கும். பாலியெஸ்டர் கவர் நல்லது. ரப்பர் பேண்ட், நியூஸ் பேப்பர் ரெண்டும் வேணாம்.

6. சந்தேகமா இருந்தா ஒண்ணும் பண்ணாதீங்க. இன்னைக்குச் சுத்தம் பண்ணாத காசை அடுத்த வருஷம் சுத்தம் பண்ணலாம். இன்னைக்குத் தேய்ச்ச காசை எந்த வருஷமும் பழையபடி ஆக்க முடியாது.

இதெல்லாம் பழைய காசுக்கு. பாக்கெட்ல இருக்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெண்டு ரூபாயை சோப்பு போட்டுக் கழுவினா யாரும் கேட்கப் போறதில்ல.

மண்ணுல இருந்து கிடைச்சா?

அப்ப விஷயம் சேகரிப்பாளர் கையை விட்டுச் சட்டத்துக்குப் போகுது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. மண்ணுல மறைஞ்சு கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளதுன்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழசான காசு தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 2020 பிப்ரவரியில திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில்ல பள்ளம் தோண்டும்போது ஒரு பாத்திரத்துல 505 தங்கக் காசு கிடைச்சது ஞாபகம் இருக்கும். பாத்திரத்தோட, எண்ணிக்கையோட, இடத்தோட பதிவானதாலதான் அதுக்கு மதிப்பு. அப்படி ஏதாவது கிடைச்சா கழுவாம, பிரிக்காம, கிடந்த இடத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து தாசில்தார் ஆபீஸ்ல சொல்லுங்க. சும்மா அடையாளம் தெரிஞ்சுக்கணும்னா வேலூர் கோட்டைக்குள்ள அரசு அருங்காட்சியகம் இருக்கு, எழும்பூர்ல பெரிய நாணயப் பிரிவே இருக்கு.

வீட்ல இருக்கறவங்களுக்கு இதைப் புரிய வைக்கறதுதான் கொஞ்சம் கஷ்டம். எங்க ஆயாவைப் பொறுத்தவரைக்கும் பூஜை மாடத்துல இருக்கற எதுவும் கறுத்துப் போயிருக்கக் கூடாது, லட்சுமி கோச்சுக்குவா. அவங்ககிட்ட ஆக்சைடு, சல்ஃபைடு எல்லாம் பேசினா வேலைக்கு ஆகாது. "ஆயா, விளக்கைத் தேய்ச்சுக்கோ, காசை மட்டும் என்கிட்ட குடுத்துடு"ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாச்சு. விளக்கு வெளிச்சம் தர்ற பொருள், அது பளபளக்கணும். காசு அப்படி இல்ல, அதுல எழுத்து இருக்கு.

இந்தப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது உங்க வீட்டு முடிச்சையும் அவுப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு நீங்க அங்க போய் உக்காந்துக்குங்க.